தக்காளி மொட்டுக் கருகல் வைரஸுக்கு எதிராக மரபணு ஒடுக்கம்: கோலார் வயலிலிருந்து எதிர்ப்பு வரிசை வரை

தமிழ்நாட்டு வேளாண் கல்லூரிகளிலிருந்து முதுநிலைத் திட்டப்பணிக்காகப் பெங்களூருக்கு வரும் மாணவர்கள், ஹெப்பாளுக்கு வடக்கே உள்ள ஏதோவொரு ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வைரஸ் தாக்காத செடியை மரபணு ஒடுக்கத்தின் மூலம் உருவாக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்? பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரு பிளாஸ்மிடின் (மரபணுவைச் சுமந்து செல்லும் வளைய டிஎன்ஏவின்) பெயரும், தரவுத்தளத்திலிருந்து இறக்கிய ஒரு மரபணு வரிசையும் தயாராக இருக்கும். பிளாஸ்மிடில் தொடங்குவது தவறு என்பதும், தரவுத்தள வரிசையில் தொடங்குவது அதைவிடப் பெரிய தவறு என்பதும் என் அனுபவம். இம்முயற்சிகளில் கைகூடாதவை பலவும் வெட்டி ஒட்டும் கட்டத்தில் தோற்பதில்லை. எந்த வைரஸை, அதன் எந்தத் துண்டை இலக்காகக் கொள்கிறோம் என்ற தேர்விலும், கடைசியில் செடியை எவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறோம் என்பதிலுமே தோற்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் அவ்விரண்டு இடங்களிலும் நின்று பேசி, மற்ற இடங்களைச் சற்று விரைவாகக் கடக்கிறேன்.

எடுத்துக்காட்டாகத் தக்காளியையும் நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸையும் எடுத்துக்கொள்கிறேன். பெயரில் நிலக்கடலை இருந்தாலும், கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களிலும் இந்த வைரஸ் கடும் சேதம் விளைவிக்கிறது. ஓசூர், ராயக்கோட்டை விவசாயிகளுக்கும் இது புதியதன்று. இளம் இலைகள் வெண்கல நிறம் கொள்ளும், நுனி கருகிச் சாயும், தண்டில் பழுப்புக் கீற்றுகள் ஓடும், காய்களில் வட்டம் வட்டமாகத் தழும்பு விழும். இலைப்பேன் பரப்பும் இந்த வைரஸைச் சாறு தடவியும் செடிக்கு ஏற்ற முடியும் என்பதால், பூச்சி வளர்க்கும் வசதியில்லாத ஆய்வகத்திலும் இவ்வேலையைச் செய்யலாம்.

செடிக்குள் என்ன நடக்கிறது

ஈரிழை ஆர்என்ஏவைக் கண்டால் செடி அதை அந்நியமாகக் கருதுகிறது. டைசர் வகை நொதிகள் அதை 21 முதல் 24 நியூக்ளியோடைடு நீளமுள்ள சிறுதுண்டுகளாக நறுக்குகின்றன. அத்துண்டுகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் ஆர்கோனாட் புரதம், அதே வரிசை எங்கே தென்பட்டாலும் அந்த ஆர்என்ஏவை வெட்டிவிடுகிறது. வைரஸின் ஒரு துண்டை நேராக ஒருமுறையும், தலைகீழாக ஒருமுறையும், இடையில் ஓர் இன்ட்ரானை (ஆர்என்ஏவிலிருந்து பிறகு வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டை) வைத்து எழுதிச் செடியின் மரபணுத்தொகுதிக்குள் நுழைத்துவிட்டால், அதிலிருந்து உருவாகும் ஆர்என்ஏ தன்மீதே மடிந்து ஈரிழையாகிவிடும். கொல்லிமலைக்குப் பேருந்தில் ஏறியவர்களுக்கு இந்த வடிவத்தை விளக்கத் தேவையில்லை. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள், இங்கே ஒன்று. போகும் சாலையும் வரும் சாலையும் ஒட்டி ஓடுகின்றன, திரும்பும் முனையில் இன்ட்ரான் இருக்கிறது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1986ல் ரோஜர் பீச்சியின் குழுவினர் புகையிலைத் தேமல் வைரஸின் மேலுறைப் புரத மரபணுவைப் புகையிலையில் நுழைத்து நோயைத் தாமதப்படுத்தியபோது, காப்பது புரதமே என்று எண்ணினார்கள். அந்த வைரஸைப் பொறுத்தவரை அது பெருமளவு சரியும்கூட. 1990களின் தொடக்கத்தில் லிண்ட்போவும் டோகர்ட்டியும் புரதமாகவே மாற முடியாத ஒரு வைரஸ் மரபணுவைப் புகையிலையில் வைத்தும் எதிர்ப்பு கிடைத்ததைக் காட்டியபோதுதான், காவல் காப்பது ஆர்என்ஏ என்ற எண்ணம் வலுத்தது. 1998ல் புழுவில் ஃபயரும் மெல்லோவும், அதே ஆண்டு செடியில் வாட்டர்ஹவுஸ் குழுவினரும் ஈரிழையின் பங்கை நிறுவினார்கள். உங்கள் வேலைக்கு இவ்வரலாற்றிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் எடுக்கும் துண்டு புரதமாக வேண்டியதில்லை; தொடக்கக் குறியன் (புரத உருவாக்கம் தொடங்கும் இடத்தைக் காட்டும் மூன்றெழுத்து) இல்லாத நடுத்துண்டே நல்லது. அந்நியப் புரதம் எதுவும் உருவாகாத செடியைப் பாதுகாப்பு மதிப்பீட்டில் விளக்குவதும் எளிது.

வயலில் தொடங்குங்கள்

மாலூர் பக்கம் குத்தகை நிலத்தில் தக்காளி போடும் தர்மபுரிக்காரர் ஒருவரிடம் நான் முதன்முறை மாதிரி எடுக்கப் போனபோது, நுனி கருகிய செடிகளாகப் பார்த்து இலை பறித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "கருகுனதயே எடுக்கறீங்களே தம்பி, அது செத்த பொணம். பக்கத்துல இலை லேசா செம்பு நிறமா திரும்பியிருக்கு பாருங்க, அதுல எடுங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கருகிய திசுவில் ஆர்என்ஏ சிதைந்து கிடக்கும், வீரியமுள்ள வைரஸும் குறைவு. வெண்கல நிறம் தொடங்கிய இளம் இலையே மாதிரிக்கு உகந்தது.

குறைந்தது மூன்று தாலுகாக்களிலிருந்து, வெவ்வேறு பருவங்களில், 8 முதல் 10 மாதிரிகளையாவது எடுங்கள். பறித்தவுடன் பாலித்தீன் உறையில் இட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். கோலாரிலிருந்து பெங்களூர் வரும் சாலையில் கே.ஆர்.புரத்தில் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்பதைக் கணக்கில் கொண்டு பனிக்கட்டியைக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். இந்த வைரஸ் நோஞ்சான். செடிக்கு வெளியே அறை வெப்பத்தில் சில மணி நேரத்துக்குமேல் வீரியத்தோடு இருக்காது.

ஆய்வகத்துக்கு வந்த அன்றே மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து ஆர்என்ஏ பிரிக்க வையுங்கள். மறுபாதியைக் குளிர்ந்த உரலில் பாஸ்பேட் கரைசலோடு அரைத்து, சி-152 என்ற தட்டைப்பயறு ரகத்தின் முதல் இலைகளில் தடவுங்கள். நான்கைந்து நாட்களில் ஊசி குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் தோன்றி, பிறகு பழுப்பாகும். அப்புள்ளிகளில் நன்றாகத் தனித்து நிற்கும் ஒன்றை மட்டும் வெட்டியெடுத்து அரைத்து, மீண்டும் தட்டைப்பயறில் தடவி, இவ்வாறு மூன்று முறை செய்தால் ஒற்றைத் தனிமம் (ஒரே மூலத்திலிருந்து பிரித்த, கலப்பில்லாத வைரஸ்) என்று நம்பத்தக்க வைரஸ் உங்கள் கையில் இருக்கும். இதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். இந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்த நினைத்தவர்கள், பின்னர் சோதனைக் கட்டத்தில் எந்த வைரஸ் தாக்கியது என்றே தெரியாமல் விழித்ததை நான் பார்த்திருக்கிறேன். வயலில் ஒரே செடியில் இரண்டு மூன்று வைரஸ்கள் சேர்ந்திருப்பது அரிதன்று.

எந்தத் துண்டு

இந்த வைரஸின் மரபணுத்தொகுதி பெரிது, நடுத்தரம், சிறிது என்ற மூன்று ஆர்என்ஏக்களாகப் பிரிந்திருக்கிறது. சிறிய ஆர்என்ஏவில் இரண்டு மரபணுக்கள் எதிரெதிர்த் திசையில் அமைந்துள்ளன. ஒன்று, வைரஸ் ஆர்என்ஏவைப் போர்த்தியிருக்கும், ‘என்’ (N) என்று பெயரிடப்பட்ட புரதத்துக்குரியது. 831 நியூக்ளியோடைடு நீளம். மற்றொன்று என்எஸ்எஸ் என்ற புரதத்துக்குரியது. அது செடியின் ஒடுக்க வினையையே மட்டுப்படுத்தும் ஆயுதம். வைரஸின் மூல ஆர்என்ஏ என் புரதத்தால் இறுக்கமாகப் போர்த்தப்பட்டிருப்பதால், நம் சிறுதுண்டுகள் அதைத் தொடுவது கடினம். போர்வையில்லாமல் வெளியே வரும் தூது ஆர்என்ஏவே உண்மையான இலக்கு. என் மரபணுவின் தூதுவை அழித்தால் புதிய போர்வை நெய்யப்படாது, போர்வையில்லாத வைரஸ் பெருகாது.

ஆகவே என் மரபணுவை முழுமையாக ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் முறை) மூலம் பெருக்கி, எல்லா மாதிரிகளிலும் வரிசை கண்டு, அவற்றைத் தரவுத்தளத்தில் உள்ள பிற மாநில வரிசைகளோடு அடுக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் 300 முதல் 400 நியூக்ளியோடைடுத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இலக்குக்கும் துண்டுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்குமேல் வேறுபாடு வந்துவிட்டால் எதிர்ப்பு நழுவத் தொடங்கும் என்பது இத்துறையில் பொதுவான அனுபவ விதி. ஹவாயில் 1998ல் வெளியான ரெயின்போ பப்பாளி அத்தீவின் வளையப்புள்ளி வைரஸைச் சிறப்பாகத் தாங்கியது. வரிசையில் வேறுபட்ட பிற நாட்டுத் தனிமங்களிடம் அதே எதிர்ப்பு நிற்கவில்லை. நோயை ஒழிக்கும் தொழில்நுட்பம் என்று சொல்வதைவிட, குறிப்பிட்ட முகத்தை அடையாளம் காணும் காவலாளி என்று இதைச் சொல்வது பொருந்தும்.

என் மரபணுவிலிருந்து ஒரு துண்டையும் என்எஸ்எஸ் மரபணுவிலிருந்து ஒரு துண்டையும் இணைத்து ஒரே கையாக (கொண்டை ஊசியின் ஒரு பக்கமாக) கட்டுவது இன்னும் நல்லது. வைரஸ் ஒரு துண்டில் மாறினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒடுக்கத்தை எதிர்க்கும் ஆயுதமும் மழுங்கும். 2006ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வைரஸ்களின் என் மரபணுத் துண்டுகளை ஒரே கட்டமைப்பில் கோத்து, நான்கிற்கும் எதிர்ப்பு பெற்றிருக்கிறார்கள்.

துண்டை முடிவு செய்யுமுன், தக்காளியின் சொந்த மரபணுக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தக்காளியின் முழு வரிசை 2012ல் வெளியானது. அதன் 12 குரோமோசோம்களில் ஐந்தாவதை வரிசைப்படுத்தும் பணி இந்தியக் குழுக்களுடையது. உங்கள் துண்டில் தொடர்ச்சியாக 21 எழுத்துகள் தக்காளியின் ஏதேனும் மரபணுவோடு பொருந்தினால் அப்பகுதியை விட்டுவிடுங்கள். 19, 20 எழுத்துப் பொருத்தங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். வைரஸை அடக்கப்போய்ச் செடியின் பூப்பையே அடக்கிவிட்ட கட்டமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு கழித்து வருந்துவதைவிட, கணினி முன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது மேல். மனிதர், தேனீ போன்ற பிற உயிர்களின் வரிசைகளோடும் ஒப்பிட்ட முடிவை அப்போதே சேமித்து வையுங்கள். அனுமதிக் கோப்பில் அதைக் கேட்பார்கள்.

கட்டமைப்பு

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் உருவான பிஹன்னிபல் பிளாஸ்மிட் இதற்கென்றே செய்யப்பட்டது. 35எஸ் இயக்கி (படியெடுப்பைத் தொடங்கும் பகுதி), நேர்க்கைக்கான வெட்டிடங்கள் (நொதி வெட்டும் இடங்கள்), பிடிகே இன்ட்ரான், எதிர்க்கைக்கான வெட்டிடங்கள், ஓசிஎஸ் முடிவி என்ற வரிசையில் அது அமைந்திருக்கிறது. இரண்டு கைகளுக்கும் தனித்தனியே பிரைமர் (பிசிஆர் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ) வாங்க வேண்டியதில்லை. முன் பிரைமரின் வாலில் எக்ஸ்பிஏ1, எக்ஸ்ஹோ1 ஆகிய இரு வெட்டிடங்களையும், பின் பிரைமரின் வாலில் ஹிண்ட்3, கேபிஎன்1 ஆகிய இரண்டையும் வைத்துவிட்டால், ஒரே பிசிஆர் விளைபொருள் இரு கைகளுக்கும் போதும். எக்ஸ்ஹோ1, கேபிஎன்1 கொண்டு வெட்டியது இன்ட்ரானுக்கு முன்னே நேராக உட்காரும். ஹிண்ட்3, எக்ஸ்பிஏ1 கொண்டு வெட்டியது இன்ட்ரானுக்குப் பின்னே தானாகவே தலைகீழாக உட்காரும். இந்த நான்கு வெட்டிடங்களில் எதுவும் உங்கள் துண்டுக்குள்ளேயே இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிரைமரின் நுனியில் நான்கைந்து எழுத்துகளைக் கூடுதலாக வையுங்கள். விளிம்பிலேயே வெட்டிடம் இருந்தால் நொதி பிடிப்பு கிடைக்காமல் வழுக்கிவிடும்.

நேர்க்கை எளிதாக ஏறும். எதிர்க்கை ஏறியதும் சிக்கல் தொடங்கும். தலைகீழ் இரட்டைகளை ஈ.கோலை பாக்டீரியத்துக்குப் பிடிக்காது. அது அவற்றை ஒன்றோடொன்று கலந்து வெட்டி எறிந்துவிடும். அதற்காகவே மறுசேர்க்கைத் திறன் குறைக்கப்பட்ட ஸ்டேபிள், ஷ்யூர் போன்ற இனங்களைப் பயன்படுத்தி, 37 பாகைக்குப் பதில் 30 பாகையில் வளர்ப்பது வழக்கம். காலனி பிசிஆர் செய்து முழுக் கட்டமைப்பையும் ஒரே மூச்சில் பெருக்க முயன்று, பட்டை வரவில்லை என்று நல்ல காலனிகளைத் தூக்கியெறிந்தவர்கள் பலர், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். அச்சு இழை கொண்டை ஊசியாக மடிந்துகொள்வதால் பாலிமரேஸ் அதைத் தாண்டிப் போவதில்லை. இன்ட்ரானுக்குள் ஒரு பிரைமரையும் கைக்கு வெளியே ஒரு பிரைமரையும் வைத்து, ஒவ்வொரு கையையும் தனித்தனியே சரிபாருங்கள். வெட்டு நொதிச் சோதனை கட்டாயம். வரிசை காணவும் இன்ட்ரானிலிருந்து வெளிநோக்கியே செல்லுங்கள்.

பிறகு நாட்1 கொண்டு முழுத் தொகுப்பையும் வெட்டியெடுத்து பிஆர்ட்27 இரட்டைப் பிளாஸ்மிடில் சேர்த்து, செடிக்குள் மரபணுவைச் செலுத்தும் எல்பிஏ4404 அல்லது இஎச்ஏ105 அக்ரோபாக்டீரியத்துக்கு மாற்றுங்கள். பிஆர்ட்27 பாக்டீரியத்தில் ஸ்பெக்டினோமைசினையும் செடியில் கனமைசினையும் தாங்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செடிக்கு மாற்றுதல்

செடியைத் தொடுமுன் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989ல் வந்த விதிகள் இவ்வேலை முழுவதையும் கட்டுப்படுத்துகின்றன; மேல்நிலையில் உயிரித்தொழில்நுட்பத் துறையின் மரபணு கையாளுகைப் பரிசீலனைக் குழுவும், அதற்கும் மேலே சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஜிஇஏசியும் (மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு) உள்ளன. வயல் சோதனை என்ற கட்டம் வந்தால் மாநில அரசின் தடையின்மைச் சான்றும் தேவை. 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காய் நிறுத்திவைக்கப்பட்டதன் நிழல் இன்னும் நீங்காத சூழலில், உங்கள் திட்டப்பணிக் காலத்துக்குள் செடி கண்ணாடிக்குடிலைத் தாண்டாது என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா விகாஸ் ரகம் திசு வளர்ப்புக்கு இணங்கும். விதையைக் கிருமிநீக்கம் செய்து முளைக்கவைத்து, 8 முதல் 10 நாள் நாற்றின் வித்திலைகளை, முதல் உண்மையிலை எட்டிப்பார்க்கும் முன்பே எடுத்துவிடுங்கள். நுனியையும் அடியையும் நீக்கி நடுப்பகுதியை இரண்டு நாள் முன்வளர்ப்பில் வைத்து, ஒளியடர்த்தி 0.3 முதல் 0.5 வரை வளர்ந்த அக்ரோபாக்டீரியத்தில் 10 முதல் 20 நிமிடம் நனைத்து, 100 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் சேர்த்த ஊடகத்தில் இருட்டில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு லிட்டருக்கு 500 மில்லிகிராம் செஃபோடாக்சிமால் பாக்டீரியத்தை அடக்கி, லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் சியாட்டினும் (தளிர்விடத் தூண்டும் ஹார்மோன்) கனமைசினும் கொண்ட எம்எஸ் ஊடகத்துக்கு மாற்றுங்கள். கனமைசின் அளவை யாருடைய கட்டுரையிலிருந்தும் எடுக்காமல், உங்கள் ரகத்தின் சாதாரண வித்திலைகள் எந்த அளவில் வெளுத்துச் சாகின்றன என்று பார்த்து நீங்களே நிர்ணயியுங்கள். தக்காளிக்கு அது பொதுவாக 50 முதல் 100 மில்லிகிராமுக்குள் அமையும். சியாட்டினை வடிகட்டிக் கிருமிநீக்கி, ஊடகம் கை தாங்கும் சூட்டுக்கு ஆறியபின் சேர்ப்பதே நல்லது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊடகம் மாற்ற வேண்டும். மின்தடை நேரத்தில் வளர்ப்பறையின் ஏசி நின்று, ஜெனரேட்டர் விளக்குகளை மட்டும் எரியவிட்டால், மூடிய அறை சில மணி நேரத்தில் வெந்துவிடும். ஒரு கோடையில் 200 வித்திலைகளை இவ்வாறு இழந்திருக்கிறேன். அதன்பின் விளக்கையும் ஏசியையும் ஒரே இணைப்பில் வைத்து, ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்படி செய்துகொண்டோம்.

வேர்விட்ட செடிகளில் 20 தனித்தனி நிகழ்வுகளாவது (மாற்று மரபணு தனித்தனியே நுழைந்த செடிகள்) வேண்டும். ஒரே வித்திலைத் துண்டிலிருந்து வந்த இரண்டு தளிர்களை இரண்டு நிகழ்வாக எண்ணாதீர்கள். பிசிஆர் சோதனை முதல் வடிகட்டி. அது மாற்று மரபணு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை பிரதிகள் என்பதைச் சதர்ன் சோதனையும், ஒடுக்கம் உண்மையில் நடக்கிறதா என்பதைச் சிறு ஆர்என்ஏ நார்தர்ன் சோதனையும் சொல்லும். 21 நியூக்ளியோடைடு இடத்தில் தெளிவான பட்டை தரும் நிகழ்வுகளை முதல் வரிசையில் வையுங்கள். ஒற்றைப் பிரதி உள்ள செடியின் விதைகளைக் கனமைசினில் முளைக்கவிட்டால் தாங்குபவையும் சாகிறவையும் 3க்கு 1 என்று பிரிய வேண்டும். கை-வர்க்கச் (chi-square) சோதனையில் மதிப்பு 3.84ஐத் தாண்டினால் அந்த விகிதத்தை நம்ப வேண்டாம்.

கடுமையாகச் சோதியுங்கள்

முதல் தலைமுறைச் செடியைத் தடவிப் பார்த்து, நோய் வரவில்லை என்று மகிழ்ந்து ஆய்வேட்டை முடித்துவிடுவது பரவலான பழக்கம். திசு வளர்ப்பிலிருந்து வந்த செடியின் இலை தடித்தும் வளர்ச்சி ஏறுமாறாகவும் இருக்கும். அதில் நோய் வராமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். விதையிலிருந்து வந்த அடுத்த தலைமுறையில், வரிசைக்கு (ஒரே நிகழ்விலிருந்து வந்த செடிவழிக்கு) 12 முதல் 15 செடிகளை, மூன்று நான்கு இலைப் பருவத்தில் சோதியுங்கள். ஒப்பீட்டுக்கு மூன்று வகைச் செடிகள் வேண்டும்: மாற்றப்படாத அர்கா விகாஸ், வெற்றுப் பிளாஸ்மிட் ஏற்றிய செடி, அதே வரிசையின் விதையில் மாற்று மரபணுவைப் பெறாமல் பிரிந்த உடன்பிறப்பு. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மதிப்புமிக்க ஒப்பீடு அதுதான். அந்த உடன்பிறப்புகள் கனமைசினில் செத்துவிடும் என்பதால், சோதனைக்குரிய விதைகளைக் கனமைசின் இல்லாமல் முளைக்கவிட்டு, பிசிஆர் மூலம் பிரித்தெடுங்கள்.

சாறு தயாரிப்பதில் அவசரமும் நிதானமும் சேர்ந்தே வேண்டும். உரல், உலக்கை, கரைசல் எல்லாவற்றையும் முதல் நாளிரவே குளிர்பெட்டியில் வையுங்கள். புள்ளி தோன்றிய தட்டைப்பயறு இலை ஒரு கிராமுக்கு, பிஎச் 7 உள்ள 0.05 மோலார் பாஸ்பேட் கரைசல் 10 மில்லிலிட்டர் என்ற கணக்கில், 0.2 விழுக்காடு மெர்காப்டோஎத்தனால் சேர்த்து அரைத்து, உரலைப் பனிக்கட்டி மேலேயே வைத்திருங்கள். இலைமீது கார்போரண்டம் தூளை மெல்லத் தூவி, பஞ்சில் சாற்றைத் தொட்டு, இலையின் அடியை உள்ளங்கையில் தாங்கி ஒரே திசையில் இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும். தேய்த்த கை மணல்தாளைத் தடவியதுபோல உணர வேண்டும், இலை கிழியக்கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் தண்ணீரால் கழுவிவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை சாற்றைப் புதிதாக அரையுங்கள். ஒப்பீட்டுச் செடிகளை முதலில் தடவி மாற்றுச் செடிகளைக் கடைசியில் தடவினால், சாறு வீரியமிழந்ததை எதிர்ப்பு என்று எண்ணி ஏமாறுவீர்கள். இரண்டையும் கலந்து, குலுக்கல் முறையில் தடவுங்கள். இரண்டு நாள் கழித்து மறுமுறையும் தடவுங்கள். மாற்றப்படாத செடிகளில் பத்துக்கு ஒன்பதாவது நோயுறாவிட்டால் அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்காமல் மீண்டும் செய்யுங்கள்.

பெங்களூருக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. குளிரில் ஒடுக்க வினை மந்தமாகிவிடும். 15 பாகை அளவில் செடிகளில் சிறு ஆர்என்ஏ உற்பத்தி வெகுவாகக் குறைவதை 2003லேயே ஹங்கேரி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். ஒருமுறை நாங்கள் டிசம்பர் கடைசியில் திறந்த வலைக்குடிலில் சோதித்தபோது, நல்லது என்று நம்பியிருந்த இரண்டு வரிசைகளில் செடிகள் வரிசையாக வெண்கல நிறம் கொண்டன. அதே விதையை மார்ச் மாதத்தில் சோதித்தபோது அவை தாங்கின. எது உண்மை என்று கேட்டால் இரண்டுமே உண்மை. விவசாயி இரண்டு பருவத்திலும் பயிரிடுகிறார் என்பதால், இரண்டு பருவத்திலும் சோதித்து, வெப்பநிலைப் பதிவோடு இரண்டையும் எழுதுங்கள்.

தடவிய 15ஆம் நாளிலும் 30ஆம் நாளிலும் எலைசா (வைரஸ் புரதத்தைக் கண்டறியும் சோதனை) பாருங்கள். அறிகுறி இல்லாத செடியில் வைரஸ் ஒளிந்திருக்கலாம் என்பதால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. முதலில் நோயுற்று, பிறகு வரும் புதிய இலைகள் தெளிவாக வெளிவரும் செடிகளையும் காண்பீர்கள். அவை தோல்வியல்ல, வைரஸே ஒடுக்கத்தைத் தூண்டிவிட்ட நிலை அது, தனிப் பிரிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தாண்டி நின்ற வரிசைகளை, நோயுற்ற தக்காளி வேர்ச்செடியின்மேல் ஒட்டுக்கட்டிப் பாருங்கள். நாளும் பொழுதும் அடியிலிருந்து வைரஸ் ஏறிக்கொண்டே இருக்கும் அந்தச் சோதனையைத் தாங்கும் வரிசை மிகச் சிலவே.

இன்னொரு வைரஸ் வந்து கதவைத் திறந்துவிடுவதும் உண்டு. உருளைக்கிழங்கு ஒய் வைரஸுக்கு எதிராக இவ்வாறு உருவாக்கிய புகையிலையில், வெள்ளரித் தேமல் வைரஸ் தொற்றியபோது எதிர்ப்பு தற்காலிகமாக உடைந்தது என்று 2003ல் பதிவாகியிருக்கிறது. வெள்ளரி வைரஸின் 2பி புரதம் ஒடுக்க வினையையே முடக்குவதுதான் காரணம். தக்காளியிலும் வெள்ளரித் தேமல் வைரஸ் வருகிறது. ஆகவே சிறந்த இரண்டு வரிசைகளையாவது கலப்புத் தொற்றில் சோதியுங்கள்.

இலைச்சுருள் நோய்க்கும் இதே வழியா

பெங்களூர் பெயரைத் தாங்கிய தக்காளி இலைச்சுருள் வைரஸை இதே முறையில் அடக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அடக்கலாம், ஆனால் எளிதன்று. வெள்ளை ஈ பரப்பும் அந்த வைரஸ் டிஎன்ஏ வகை. செல்லின் உட்கருவில் பெருகுவது. சாறு தடவியும் எளிதில் ஏறாது. அங்கே பெருக்கத்துக்கு அடிப்படையான ரெப் மரபணுவையோ, இரு திசையிலும் படியெடுப்பைத் தொடங்கும் இயக்கிப் பகுதியையோ இலக்காக்குவார்கள். வம்பனில் பிரித்த பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸின் இயக்கிப் பகுதிக்கு எதிரான கொண்டை ஊசி டிஎன்ஏவைச் செலுத்தியபோது நோயுற்ற உளுந்துச் செடிகள் பல மீண்டதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுதம்பியும் சுவிட்சர்லாந்துக் குழுவினரும் சேர்ந்து 2003ல் வெளியிட்டார்கள். பிரேசிலில் ரெப் மரபணுவை இலக்காகக் கொண்ட தங்கத்தேமல் எதிர்ப்பு பீன்ஸுக்கு 2011ல் அனுமதி கிடைத்தது. தொடக்கநிலை மாணவர் இதை இரண்டாவது திட்டமாக வைத்துக்கொள்வது நல்லது.

மரபணுவை மாற்றாமல் ஈரிழை ஆர்என்ஏவைத் தெளிப்பதும் ஒரு வழி. எச்டி115 என்ற ஈ.கோலை இனத்தில் எல்4440 பிளாஸ்மிடை வைத்து ஈரிழையை மலிவாகவே உற்பத்தி செய்யலாம். வெறுமனே தெளித்தால் சில நாட்களில் சிதைந்துவிடும். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் 2017ல் நுண்களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்து 20 நாள் வரை பாதுகாப்பு பெற்றார்கள். உங்கள் துண்டு நல்ல துண்டுதானா என்பதைச் செடி மாற்றத்தில் இறங்குமுன் சோதித்துக்கொள்ள இந்தத் தெளிப்பு முறை உகந்தது: தட்டைப்பயறு இலையின் ஒரு பாதியில் ஈரிழையையும் மறுபாதியில் வெறும் கரைசலையும் தெளித்து, மறுநாள் வைரஸைத் தடவி, ஐந்தாம் நாள் இரு பாதிகளிலும் புள்ளிகளை எண்ணுங்கள். எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லாத துண்டுக்கு ஓராண்டு திசு வளர்ப்பைச் செலவிட வேண்டாம்.

முடித்த சோதனையின் செடி, மண், சட்டியில் முளைத்த களை என எல்லாவற்றையும் 121 பாகையில் நீராவிக் கலனில் 30 நிமிடம் வைத்தபின்னரே வெளியேற்றுங்கள். பழத்தைத் தின்றுபார்க்கவோ வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ கூடாது. விதைகளைச் சதையிலிருந்து பிரித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட்டு, நிகழ்வின் எண், தலைமுறை, தாய்ச்செடியின் எண், அறுவடை நாள், எந்தத் தனிமத்துக்கு எதிராக எந்த மாதம் சோதிக்கப்பட்டது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை குளிர்பெட்டியின் ஈரத்தில் ஓராண்டுக்குள் கரைந்துவிடும். உங்களுக்கு அடுத்து வரும் மாணவர் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்குத்தான் தொலைபேசியில் அழைப்பார்.